அசையாம நில்லு, மாடக்கண்ணு

மாடக்கண்ணுவைக் குத்தாலிங்கம் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் வளவு முற்றத்தின் நடுவில் புதுவேட்டி கட்டி, மடிப்புக் கலையாத நீலச்சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, வலது கையை வானத்தைப் பார்த்துத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான். கடையநல்லூருக்குப் பெண்பேசப் புறப்பட்ட கோலம் அது. வெற்றிலையும் பூவும் பழமும் வைத்த மஞ்சள்பை அவன் காலடியில் இருந்தது. வேர்வை அவனுடைய தூக்கிய கையின் முழங்கையிலிருந்து சொட்டிப் பூவின்மேல் விழுந்துகொண்டிருந்தது. "தெரியுதா அத்தான்?" என்று கேட்டான். குத்தாலிங்கம் அதற்குள் தன் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போய், நாற்காலியை டி.வி.க்கு முன்னால் இழுத்துப் போட்டிருந்தார். "தெரியுது மாப்ள, நல்லாத் தெரியுது" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். அவன் வேலை நிற்பது.

அவன் கையைத் தூக்கி நின்றால் எட்டு வீட்டு டி.வி.யிலும் படம் வரும், இறக்கினால் போய்விடும். புளியங்குடியில் அந்தத் தெருப்பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வடக்குத்தெருக் கிணற்றில் தண்ணீர் உப்பு, தெற்குத்தெருக் கிணற்றில் இனிப்பு என்று சொல்வதுபோல இதையும் சொல்வார்கள்.

வளவு என்றால் ஒரே தலைவாசலுக்குள் எதிரும் புதிருமாக எட்டு வீடுகள், நடுவில் நீளமான சிமெண்டு முற்றம். தெருவைப் பார்த்த பெரிய வீடு உலகநாதனுடையது. அவர் உரக்கடை வைத்துத் தேறியவர், வளவு மொத்தமும் அவருக்குச் சொந்தம். எட்டு வீட்டிலும் வாடகைக் குடி. மூன்றாம் வீட்டில் குத்தாலிங்கம் இருந்தார். எலுமிச்சை கமிஷன் கடையில் தராசு பிடித்தவர், அதிகம் பேசமாட்டார், பேசினால் எடைபோட்டதுபோல நாலு வார்த்தை. அவர் மனைவி பகவதி கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்தவன் அவள் தம்பி மாடக்கண்ணு. அக்காவுக்குத் துணையாகப் பத்துநாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன் பிறகு போகவே இல்லை. அதே கடையில் மூட்டை தூக்கினான். அவனுக்குக் கல்யாணம் இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போய், தலையில் நரை விழுந்தது. பகவதி படுக்கையில் கிடந்தபோது கடைசியாகக் கேட்டது அதைத்தான். "என் தம்பிய ஒத்தையில விட்டுராதீக. ஒருத்தி கையில புடிச்சுக் குடுத்துருங்க." குத்தாலிங்கம் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்தக் காலத்தில் வளவுக்கே ஒரு டி.வி.தான், உலகநாதன் வீட்டில். மொட்டைமாடியில் இரும்புக்குழாயில் ஆண்டெனா நிற்கும். காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும், படத்தில் மணல் கொட்டும். அப்போது மாடிக்கு ஓடுகிறவன் மாடக்கண்ணு. குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்பியபடி "தெரியுதா?" என்று கத்துவான். கீழேயிருந்து "தெரியல", "இப்பத் தெரியுது", "போச்சு, போச்சு, பழைய இடத்துக்கே போ" என்று குரல் வரும். படம் முடியும்வரை அவன் குழாயைப் பிடித்துக்கொண்டு மாடியிலேயே இருப்பான். அந்த வளவு பார்த்த அத்தனை படத்தையும் அவன் காதால்தான் கேட்டிருக்கிறான். ஆண்டெனா போய்க் கேபிள் வந்தபிறகும் டி.வி.யில் கோடு விழுந்தால் அவன் கால் தானாக வாசலுக்குப் போகும், கை தானாக மேலே போகும். அதைப் பார்த்துப் பெண்கள் சிரிப்பார்கள்.

பிறகு கேபிள் ஆபீஸ்காரர்கள் வயரையெல்லாம் கழற்றிவிட்டு, இனிமேல் படம் வைஃபையில்தான் வரும் என்று வீட்டுக்கு ஒரு புது செட்டாப் பாக்ஸ் கொடுத்தார்கள். உலகநாதன் தன் வீட்டில் ஒரு ரூட்டர் வைத்தார். அதையே எட்டு வீடும் பகிர்ந்துகொள்ளலாம் என்று பெரிய மனசாகச் சொன்னார், ஆனால் பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டேன் என்றார். கேபிள் ஆபீசிலிருந்து வந்த பீர்முகமது ஒவ்வொரு வீடாகப் பெட்டியை மாட்டி, திரையில் வளவின் பெயரைத் தேடி எடுத்துக் கொடுக்க, உலகநாதன் ரிமோட்டைத் தோள்துண்டால் மூடிக்கொண்டு, அம்புக்குறியை மேலும் கீழும் நகர்த்தி, எழுத்து எழுத்தாக அழுத்தினார். பாதியில் கை தவறும், முதலிலிருந்து தொடங்குவார். எட்டு வீட்டையும் முடிக்க மத்தியானமாகிவிட்டது. எல்லாத் திரையிலும் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் இணைப்பு இல்லை என்று எழுதிக்காட்டி நின்றது.

பீர்முகமது சுவரைத் தட்டிப் பார்த்தார். "பழைய காரைச்சுவரு. ஒரு முழம் கனம் இருக்கும். சிக்னல் எப்படி உள்ள வரும்? முத்தத்துல நடுவாப்புல ஒரு ரிப்பீட்டர் வச்சாப் போதும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும்."

"வைக்கலாம்" என்றார் உலகநாதன். "அதுக்குக் கரண்டு எந்த மீட்டர்ல ஓடும்?"

எட்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முற்றம் எல்லோருக்கும் பொது, மீட்டர் தனித்தனி. அதைக் கூட்டம் போட்டுப் பேசலாம் என்று முடிவானது. அந்தக் கூட்டம் கடைசிவரை நடக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் மாடக்கண்ணு, கூட்டமாக நின்ற ஜனங்களுக்கு நடுவே, திரையில் படம் வராததைப் பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில் முற்றத்துக்கு இறங்கிப்போய்க் கையைத் தூக்கி "தெரியுதா?" என்று கேட்டான்.

"தெரியுது" என்றாள் ஐந்தாம் வீட்டு ஜெயக்கொடி. அவள் ஜாக்கெட் தைப்பவள், வாய் ஓயாதவள். "எண்ணேன், தெரியுது. அசையாம அப்படியே நில்லுங்க."

எட்டு வீட்டிலும் தெரிந்தது. பீர்முகமது அவனைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். கையை இறக்கச் சொன்னார், படம் போனது. ஏற்றச் சொன்னார், வந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "எங்க ஆபீஸ்ல இது சொல்லிக் குடுக்கல" என்றார். "ஆனா பச்சை எரியுது. பச்சை எரிஞ்சா கம்ப்ளைண்டு முடிஞ்சதுன்னு அர்த்தம்." போனில் முடிந்தது என்று அழுத்திவிட்டு, பையிலிருந்து எடுத்துவைத்திருந்த ரிப்பீட்டரைத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டு போனார்.

முதலில் எல்லோருக்கும் அவன்மேல் பாசம் பொங்கியது. ஒருத்தி மோர் கொண்டுவந்தாள், ஒருத்தி விசிறினாள். உட்காருய்யா என்று நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தால் ஏழாம் வீட்டுக்கும் எட்டாம் வீட்டுக்கும் படம் கட்டம்கட்டமாக உடைந்தது, அதனால் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். வெயிலுக்குக் குடை பிடித்தார்கள். குடைக்கம்பி சிக்னலை இழுத்துக்கொண்டதோ என்னவோ சத்தம் மட்டும் வந்தது, அதனால் குடையை மடக்கிவிட்டார்கள். செருப்பு போட்டால் நிறம் மங்கியது, அதனால் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். இடது கைக்கு மாற்றினால் எல்லாச் சேனலும் இந்தியில் பேசின, அதனால் வலது கைதான் என்று ஆனது. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, வெறுங்காலோடு, வெயிலில், வலது கையைத் தூக்கி நிற்கும் ஒரு மனுஷன்தான் மிஞ்சினான். அது அவர்களுக்கு இரண்டே வாரத்தில் பழகிப்போனது. முற்றத்தில் துணி காயப்போடுகிறவர்கள் அவனுடைய கைக்குக் கீழே குனிந்து போகப் பழகினார்கள். ஆறாம் வீட்டுக்காரி ஒருநாள் ஞாபகப்பிசகாக அவன் கையில் ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டாள். பிறகு அதுவும் வழக்கமாயிற்று.

விடியற்காலையில் பக்திப்பாட்டுக்கு அவனை எழுப்புவார்கள். ராசிபலன், சமையல், மத்தியானத் தொடர், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன், செய்தி, சாயங்காலத் தொடர் என்று வரிசையாக ஓடி, இரவில் கடைசி வீடு டி.வி.யை அணைத்த பிறகு அவனை விடுவார்கள். மூட்டை தூக்கும் வேலை போயிற்று. எட்டு வீடும் முறைவைத்துச் சோறு போடுவதென்று பேசிக்கொண்டார்கள். வலது கை மேலே இருப்பதால் அவனால் சாப்பிட முடியாது, இடது கையால் சாப்பிட அவன் சம்மதிக்கவில்லை, ஆகவே ஊட்டிவிட வேண்டியிருந்தது. "கல்யாணம் ஆகாத குமருப்பிள்ளைக்கு ஊட்டுத மாதிரில்லா இருக்கு" என்று ஜெயக்கொடி சிரிப்பாள். விளம்பரம் வரும்போது ஓடிவந்து நாலு வாய் ஊட்டுவாள், விளம்பரம் முடிந்தால் தட்டைக் காலடியில் வைத்துவிட்டு ஓடுவாள். காக்கை மிச்சத்தைத் தின்னும். கொஞ்சநாளில் எந்த வீட்டு முறை என்பது குழம்பியது, அடுத்த வீட்டில் போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொரு வீடும் நினைத்துக்கொண்டது.

குத்தாலிங்கம் மட்டும் இரவில் அவனுக்குச் சோறு எடுத்துவைப்பார். அவன் கையை மெதுவாக இறக்கி, தோளைத் தேய்த்துக்கொண்டு உட்காருவான். பாதத்தில் சிமெண்டுத்தூள் ஒட்டியிருக்கும். அவன் நிற்கிற இடத்தில் முற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து பள்ளமாகிக்கொண்டிருந்தது, அவன் பாதமும் தேய்ந்தது, எது எதைத் தேய்க்கிறது என்று சொல்ல முடியாமல் இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்திவிட்டன.

"வலிக்காடே?" என்று கேட்பார்.

"மூட்டை தூக்குனாலும் வலிக்கத்தானே செய்யும். இதுல பாரம் இல்ல அத்தான்." பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பான். "பவளத்துக்குக் கல்யாணம் நடந்துட்டா?"

பவளம் என்பது சாயங்காலத் தொடரில் வரும் பெண். எத்தனையோ வருஷமாக அவள் கல்யாணம் ஒவ்வொருமுறையும் மணமேடைவரை வந்து நின்றுபோகும். எட்டு வீட்டுப் பெண்களும் அவளுக்காக நேர்ந்துகொண்டார்கள். குத்தாலிங்கமும் அந்தத் தொடரை விடாமல் பார்த்தார். பகவதி போன பிறகு அந்த வீட்டில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான். அவள் சாப்பிட்டீங்களா என்று திரைக்குள் யாரையோ கேட்டால், இவர் தட்டிலிருந்து கையெடுத்துத் தலையசைப்பார்.

கார்த்திகை முடிந்து மார்கழியில்தான் சத்தியம் அவருக்கு உறுத்தத் தொடங்கியது. கடையநல்லூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் முறுக்குப் போட்டு விற்கிற சீனித்தாய் என்ற பெண்ணைப் பற்றி விசாரித்தார். கணவனை இழந்து பல வருஷம், பிள்ளை இல்லை, யார் கையையும் எதிர்பார்க்காதவள். இரண்டுமூன்று தடவை முறுக்கு வாங்கியபிறகு விஷயத்தைச் சொன்னார். அவள் எண்ணெய்ச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"குடிப்பாரா?"

"கிடையாது."

"என்ன வேலை?"

குத்தாலிங்கம் யோசித்தார். "நிக்குத வேலை" என்றார்.

"வாட்ச்மேனா? நல்லது. தை பொறக்கட்டும், வெத்திலை பாக்கு வச்சு முறையா வந்து கேக்கச் சொல்லுங்க. ஆளை நான் என் வீட்டு வாசல்ல வச்சுப் பாக்கணும் அண்ணாச்சி. நடந்து வரச்சொல்லுங்க. நடையப் பாத்தா ஆம்பிளையத் தெரியும்."

இதைச் சொன்ன இரவில் மாடக்கண்ணு சாப்பிடாமல் கையைக் கழுவிவிட்டு முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்து பார்த்தான். ரொம்ப நாளாக நடக்காததால் நடை தள்ளாடியது. "இப்படி நடந்தா ஒத்துக்கிடுவாளா அத்தான்?" என்றான். அவன் சிரித்துக் குத்தாலிங்கம் பார்த்தது அன்றைக்குத்தான்.

தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை போவதாக இருந்தது. அன்றைக்குக் கிரிக்கெட் இறுதிப் போட்டி. எட்டாம் வீட்டு வாலிபர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், ஒருநாள்தானே, பெண் எங்கே ஓடிவிடப் போகிறாள் என்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி மகளுக்கு டி.வி. வழியாகப் பாடம், பரீட்சைக்கு வரும் பாடம். "ஒரு பொட்டப்பிள்ளை படிப்புல மண்ணைப் போட்டுட்டு நீங்க மாப்பிள்ளைக் கோலம் போகணுமாண்ணே" என்று கேட்டாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை உலகநாதன் வீட்டுக்கு மருமகன் வந்திருந்தார். பெரிய வீட்டில் ரூட்டர் இருக்கிறதே, அங்கே அவன் இல்லாமலே படம் வருமே என்று குத்தாலிங்கம் சொல்லிப் பார்த்தார். "மருமகன் மாடி ரூம்லல்லா இருக்காரு" என்றார் உலகநாதன். "அங்க இவன் நின்னாத்தான் வருது. வளவுல இருக்கவன் வளவுக்கு ஆகணும்வே."

ஒவ்வொரு வாரமும் மாடக்கண்ணு நீலச்சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்று, இரவில் அதைக் கழற்றி மடித்து வைத்தான்.

தை முடியப்போகிற சமயத்தில், ஒரு மத்தியானம், சீனித்தாயே கையில் முறுக்குத் தூக்குச்சட்டியோடு தலைவாசலில் வந்து நின்றாள்.

"இங்க மாடக்கண்ணுன்னு ஒருத்தரு..."

"அந்தா நிக்காருல்லா, எங்க டவரு" என்றாள் ஜெயக்கொடி.

சீனித்தாய் அவனிடம் போனாள். அவன் கையில் ஆறாம் வீட்டுக்காரியின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதை எடுத்துக் கொடியில் போட்டாள். அவனுடைய உள்ளங்கையில் வெயில்பட்டுத் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தாள், பாதம் புதைந்திருக்கும் பள்ளத்தைப் பார்த்தாள்.

"கைய எறக்க மாட்டீகளா?"

"எறக்குனா படம் போயிரும்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"உங்களுக்கு என்ன படம் தெரியுது?"

அவன் யோசித்தான். "எனக்கு இங்கன இருந்து தலைவாசல் தெரியும். யார் வாறா, யார் போறான்னு தெரியும். நீங்க வந்தது தெரிஞ்சது."

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, அவனுடைய இடது கையைப் பிடித்தாள். அப்போது எட்டு வீட்டிலும் படம் இதுவரை யாரும் பார்த்திராத தெளிவோடு வந்தது. தொடருக்கான விளம்பரத்தில் பவளத்தின் மூக்குத்திக் கல்லில் விளக்கு ஆடியது, சோகக்காட்சியில் அழுத நடிகனுடைய ஒட்டுமீசையின் பசை தெரிந்தது, எட்டாம் வீட்டில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கறிவேப்பிலை தாளித்த வாசமே வந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்து அந்த இரண்டு பேரையும் பார்த்தார்கள். உலகநாதன்கூடப் பெரிய வீட்டுப் பின்வாசலைத் திறந்துகொண்டு வந்தார்.

"நல்ல பொருத்தம்" என்றார். "இந்தக் கல்யாணம் நடக்கணும். வாடகை இல்லாம ஒரு ரூம் ஒதுக்கித் தாரேன். பொண்ணு இங்கனயே பக்கத்துல நின்னுக்கிடட்டும்."

"ஆமா மைனி" என்றாள் ஜெயக்கொடி. "ரெண்டு பேரும் நின்னா எங்களுக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். முறுக்கையும் இங்கனயே போட்டு வித்துக்கிடுங்க."

சீனித்தாய் "வாங்க, போவோம்" என்று அவன் கையை இழுத்தாள்.

அவன் இடது காலைத் தூக்கினான். பாதம் பள்ளத்திலிருந்து வெளியே வந்து தலைவாசல் பக்கம் திரும்பியது. எட்டு வீட்டிலும் படம் போனது. கையில் சோற்றுத்தட்டோடும் ரிமோட்டோடும் இடுப்பில் பிள்ளையோடும் வாசலில் நின்றவர்கள் நின்றபடியே அவனைப் பார்த்தார்கள், மழைக்காலத்தில் ஒழுகுகிற கூரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். உள்ளே எட்டுத் திரையிலும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு குத்தாலிங்கத்தைப் பார்த்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் போய்விடுவான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே அவன்மேலிருந்த கண்ணையெல்லாம் எடுத்து அவர்மேல் வைத்தார்கள்.

நாளைக்குப் பவளத்தின் கல்யாணம். ஒருவாரமாக விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, மூன்றுமணி நேரத் தொடர் காட்சி, இந்தமுறை நிற்காது என்று சொல்லியிருந்தார்கள்.

"நாளைக்கு ஒருநாள் நில்லு மாப்ள" என்றார் குத்தாலிங்கம். "கல்யாணம் முடியவும் நானே உன்னக் கூட்டிட்டுப் போறேன். கைப்புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் காலைப் பள்ளத்தில் வைத்தான். பாதம் மட்டும் பழையபடி பொருந்தவில்லை, திரும்பிய திசையிலேயே நின்றது. படம் வந்தது, ஜனங்கள் உள்ளே போனார்கள்.

சீனித்தாய் கையை விட்டாள். "நடையப் பாக்கணும்னு சொன்னேன் அண்ணாச்சி" என்றாள் குத்தாலிங்கத்திடம். "நீங்க நடக்க விடமாட்டீக. ஊரான் வீட்டுக் கல்யாணம் பெட்டிக்குள்ள நடக்கணும், உங்க மச்சினன் கல்யாணம் முத்தத்துல காயணும், என்ன?" தூக்குச்சட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். அந்த முறுக்கை விளம்பர இடைவேளையில் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் விடியும்போதே மாடக்கண்ணு புதுவேட்டியும் நீலச்சட்டையுமாக வந்து நின்றான். அத்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார், கல்யாணம் முடிந்ததும் கடைசிப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். மஞ்சள்பையை அவனே தயார் செய்து காலடியில் வைத்துக்கொண்டான். வளவே குளித்து, தலையில் பூ வைத்து, பவளத்தின் கல்யாணத்துக்குத் தயாரானது. ஜெயக்கொடி பாயசம் வைத்தாள். எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது, எந்த வீட்டிலிருந்தும் முற்றத்துக்குத் தட்டு வரவில்லை. வெயில் ஏறி, நின்று, இறங்கியது. சாயங்காலம் குத்தாலிங்கம் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து அவனைப் பார்த்தார், முகூர்த்தம் முடியட்டும் என்றார், உள்ளே போனார். அவன் "தெரியுதா அத்தான்?" என்று கேட்டதும், அவர் தெரியுது என்று சொன்னதும் அப்போதுதான்.

அந்தக் கல்யாணம் நிற்கவில்லை. வில்லி மயங்கி விழுந்தாள், காணாமல்போன அப்பா வந்து சேர்ந்தார், தாலி ஏறியது. எட்டு வீட்டிலும் மஞ்சள் அரிசியைத் திரைமேல் எறிந்தார்கள். ஒரு நொடிகூடப் படம் அசையவில்லை. ஜெயக்கொடி ஒரு டம்ளர் பாயசத்தைக் கொண்டுபோய் மாடக்கண்ணுவின் வாயருகே நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. "கோவமாண்ணே? கோவத்துல இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு, டம்ளரை மஞ்சள்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். கல்யாணத்துக்குப் பிறகு பாட்டுக் கச்சேரி ஓடியது. கடைசிப் பஸ் போனது. எட்டாம் வீட்டில் இன்னும் டி.வி. ஓடுகிறது போலும், அதனால்தான் அவன் வரவில்லை என்று நினைத்துக் குத்தாலிங்கம் சோற்றை மூடிவைத்துவிட்டுக் கண்ணயர்ந்தார்.

காலையில் பக்திப்பாட்டு தானாகவே தெளிவாக வந்தது. இன்றைக்காவது போவோம் என்று குத்தாலிங்கம் முற்றத்துக்கு வந்தார். பாயசத்துக்கு வந்த எறும்பு டம்ளரை முடித்துவிட்டு, அவனுடைய வேட்டிமேல் ஏறி, நீலச்சட்டையின் பொத்தான் வரிசையில் ஊர்ந்து, தூக்கிய கையின் விரல் நுனிவரை ஒரு கோடாகப் போய்க்கொண்டிருந்தது. கண் திறந்தபடி தலைவாசலைப் பார்த்திருந்தது.

எல்லோரும் கூடினார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள், உண்மையாகவே அழுதார்கள். உலகநாதன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சநேரம் கழித்து யாரோ உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்கள்.

"படம் ஓடத்தான் செய்யுது."

அதன்பிறகு அழுகை குறைந்தது.

"எடுக்கத்தான் வேணும். எடுக்காம இருக்கமுடியுமா?" என்றார் உலகநாதன். "ஆனா இப்ப என்ன அவசரம்? சொந்தக்காரங்கன்னு வரவேண்டியது யாரும் இல்ல. மத்தியானம் அந்தக் கல்யாணத்தை மறுபடி போடுதான். பாக்காதவக பாத்துக்கிடட்டும். சாயங்காலமா எடுப்போம்."

"அவரு நின்னுக்கிட்டுத்தானே இருக்காரு" என்றாள் ஜெயக்கொடி மூக்கைச் சிந்தியபடி. "படுக்க வச்சாத்தானே பொணம்."

குத்தாலிங்கம் உள்ளே போய்ப் பகவதியின் பழைய சேலையைக் கொண்டுவந்து அவன் தலைக்குமேல் நிழலுக்குப் பிடித்தார். துணிதானே, சிக்னலை அது மறைக்கவில்லை. கை கடுக்கக் கடுக்க, மறுஒளிபரப்பு முடியும்வரை, தானும் கையைத் தூக்கி அவன் பக்கத்தில் நின்றார். அவர் நின்றதால் படத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சாயங்காலமும் எடுக்கவில்லை. மறுநாள் ஊதுபத்தி கொளுத்தினார்கள். பிறகு ஊதுபத்தி போதவில்லை, சாம்பிராணி போட்டார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு டி.வி. பார்த்தார்கள். நாற்றம் தெருவுக்குப் போனபோதுதான், கேபிள் ஆபீசுக்கு யாரோ போன் செய்து கம்ப்ளைண்டு பதிந்தார்கள். பீர்முகமது மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு வந்து, மாடக்கண்ணுவை ஒருமுறை பார்த்தார், எட்டு வீட்டு வாசலையும் ஒருமுறை பார்த்தார்.

"பைக்குள்ளதான் கெடந்தது" என்றார், ரிப்பீட்டரை வெளியே எடுத்தபடி, யாரையும் பார்க்காமல். "அன்னையில இருந்து பைக்குள்ளதான் கெடந்தது."

முற்றத்து ஓரத்தில் ஒரு கம்பு நட்டு, அவன் கை இருந்த உயரத்தில் ரிப்பீட்டரை மாட்டினார். மூன்றாம் வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுக்கக் குத்தாலிங்கம் சம்மதித்தார். பச்சை எரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து தெரியுது, தெரியுது என்று சொன்னபிறகுதான் அவனைத் தூக்கினார்கள். கை மடங்கவில்லை. தலைவாசலில் முட்டியது. சாய்த்து, பக்கவாட்டில் திருப்பி, மேஜை நாற்காலியை வெளியே எடுப்பதுபோல எடுத்தார்கள். தெருமுனை வரை போனவர்கள் பாதிப்பேர்தான், அவர்களும் சாயங்காலத் தொடருக்குத் திரும்பிவிட்டார்கள். பவளத்துக்கு மறுவீடு.

காரியம் முடிந்து குத்தாலிங்கம் கடையநல்லூருக்குப் போனார். சீனித்தாய் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் கையில் காலித் தூக்குச்சட்டி இருப்பதைப் பார்த்தாள், கூட யாரும் இல்லாததைப் பார்த்தாள். அவர் சொன்னார். அவள் சட்டியில் கிடந்த முறுக்கு சிவக்கும்வரை காத்திருந்து, அதை அரித்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"படம் நல்லாத் தெரிஞ்சதா அண்ணாச்சி?"

அவர் தூக்குச்சட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

உலகநாதன் அடுத்த வருஷம் முற்றத்துக்குப் புதிதாகச் சிமெண்டு பூசினார், அந்த இடத்தில் மட்டும் பூச்சு ஒட்டவில்லை. இரண்டு பாதப் பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. வலது பாதம் நேராக இருக்கிறது. இடது பாதம் கொஞ்சம் விலகித் தலைவாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. மழை பெய்தால் இரண்டிலும் தண்ணீர் நிற்கும், இரண்டாம் நாள் காய்ந்துவிடும்.